மண்டபத்தில் நாலரை வருடமாக ஒரு செடித் தொட்டி

தண்ணீருக்குள் செடியும் மீனும் வளர்க்க 2021 பிப்ரவரியில் ராமநாதபுரத்தில் வாங்கிய இரண்டடிக் கண்ணாடித் தொட்டி இது. நீளம் 24 அங்குலம், அகலம் 12, உயரம் 15. விளிம்புவரை நிரப்பினால் 70 லிட்டர் பிடிக்கும். மண்ணும் கட்டையும் போக 55 லிட்டர் தண்ணீர் நிற்கும். அன்றிலிருந்து இன்றுவரை மாறாமல் இருப்பது அந்தக் கண்ணாடி மட்டும்தான். மண், விளக்கு, செடி, மீன் எல்லாம் ஒரு தடவையாவது மாறிவிட்டன. புதிதாகச் செடித் தொட்டி வைக்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "என்ன லைட் போட்டிருக்கீங்க?" என்றுதான். "உங்க வீட்டுல என்ன தண்ணி வருது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கடலோர ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டில் மூன்று தண்ணீர் உண்டு. போர் தண்ணீர் உப்பு. தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 2000-ஐத் தாண்டும். துணி துவைக்கவே யோசிக்க வேண்டும். குழாயில் சில நாளைக்கு ஒருமுறை காவிரித் தண்ணீர் வரும்; அது 400-ஐ ஒட்டி நிற்கும். மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் ஆர்ஓ கேன். 40, 50 காட்டும்.

முதல் வருடம் கேன் தண்ணீரில்தான் தொடங்கினேன். ஜப்பானின் செடித் தொட்டிக் கலைஞர் தகாஷி அமானோ வளர்த்தெடுத்த பாணி என்னைப் பிடித்து ஆட்டியது. நாலைந்து கல், தரை முழுக்கப் பச்சைக் கம்பளம், மேலே நியான் டெட்ரா மீன் கூட்டம். அதே மாதிரி வேண்டும் என்று கடைகளில் விற்கும் சுட்ட உருண்டை மண் வாங்கினேன். கம்பளத்துக்குக் கியூபாவைச் சேர்ந்த ஹெமியாந்தஸ் செடியைப் பார்சலில் வரவழைத்தேன். கல் மட்டும் காசு கொடுத்து வாங்கவில்லை. சொந்தக்காரர் வீட்டுப் பழைய சுவரை இடித்தபோது குவிந்து கிடந்த கற்களில் ஐந்தைப் பொறுக்கி வந்தேன். வெள்ளையாக, பொத்தல் பொத்தலாக, அவ்வளவு அழகு.

மூன்று வாரத்தில் கார்பனேட் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு, 11 டிகிரிக்குப் போயிருந்தது. ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். நியான்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. கல்லின் மேல் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைத்துப் பொங்கியது. கீழக்கரையிலும் ராமேசுவரத்திலும் பழைய வீடுகள் பலவற்றின் சுவர் பவளப்பாறைக் கல்லால் ஆனது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அந்தக் கல்தான் என் தொட்டிக்குள் கரைந்துகொண்டிருக்கிறது என்று உறைக்கவே இல்லை. அந்த உருண்டை மண் கார்பனேட்டை உறிஞ்சித் தண்ணீரை மென்மையாக வைக்கக்கூடியதுதான். ஆனால் சுமை கூடினால் அதன் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆறே மாதத்தில் எனக்கு அது வெறும் கறுப்பு உருண்டையாகிவிட்டது. மட்டமான பொருள் என்று சொல்ல மாட்டேன், மென்மையான தண்ணீர் வரும் ஊரில் நன்றாக உழைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று பவளத் துண்டுகளைத் தொட்டிக்காகப் பொறுக்காதீர்கள். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. நமக்கு எதிரே உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நன்னீர்ச் செடித் தொட்டிக்கு அது சேரவே சேராத கல். கடற்கரை மணலும் அப்படித்தான், பாதி சிப்பித்தூள்.

அந்த வருடத்தில் அம்மா சொன்ன ஒரு வார்த்தையும் என்னை நிறுத்தியது. வாரம் ஒரு கேனை நான் தொட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "தெருவுல குடம் பத்து ரூவான்னு வாங்கி வண்டியில தள்ளிட்டுப் போறாளுக. நீ குடிக்கிற தண்ணிய மீனுக்கு ஊத்துற. மனசு ஒப்பலப்பா" என்றார். ஆர்ஓ இயந்திரம் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க அதைவிடக் கூடுதலான தண்ணீரை உப்புக் கழிவாக வெளியே தள்ளுகிறது. தண்ணீருக்குத் தவிக்கிற கரையில் என் ஆசைக்காக அதைச் செய்வது சரியாகப் படவில்லை. அன்றோடு கேன் நின்றது.

இரண்டாம் வருடம் முழுக்கக் காவிரித் தண்ணீர். ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுவேன். மழைக்காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோடையில்தான் சிக்கல். ஏப்ரலில் தொட்டி 32 டிகிரியைத் தொட்டது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் நிற்கும் ஆக்சிஜன் 32 டிகிரியில் ஏழுக்குச் சற்று மேல்தான் நிற்கும். அதனால் தண்ணீர் மேல் காற்றுப் படும்படி ஒரு சின்ன ஃபேன் வைத்தேன், இரண்டு டிகிரி இறங்கியது. ஆனால் தினம் ஒன்றரை லிட்டர் ஆவியாகப் போனது. குறைந்த அளவைக் குழாய்த் தண்ணீரால் நிரப்பினேன். வாரம் 10 லிட்டர் மாற்றவும் செய்தேன். ஏப்ரல் தொடக்கத்தில் 390 இருந்த டிடிஎஸ் மே கடைசியில் 700. நட்டிருந்த கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடியின் இலைகள் ஒரே வாரத்தில் கூழாகக் கரைந்தன.

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு எல்லாம் தொட்டியிலேயே தங்குகிறது. அந்த இடத்தை மறுபடி உப்புள்ள தண்ணீரால் நிரப்பினால் உப்பளத்தில் நடப்பதுதான் வீட்டுக்குள்ளும் நடக்கும். உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இது முதல் நாளே புரிந்திருக்க வேண்டும்.

விடை ஐப்பசி மழையில் கிடைத்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மாடியில் 10 சதுர மீட்டருக்குத் தார்ப்பாய் கட்டினால் 20 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர் டிரம் நிறைந்துவிடும். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிக்கிறேன். சிமெண்ட் தளத்தில் ஓடிவரும் தண்ணீரில் சுண்ணாம்பு ஏறும் என்பதால்தான் தார்ப்பாய். கொசு புகாமல், வெளிச்சம் படாமல் துணி கட்டி மூடிவைத்தால் கோடைவரை கெடுவதில்லை. மூன்று மாதக் கோடைக்கு நிரப்ப 135 லிட்டர் போதும். மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றித் தொட்டி நடத்தக்கூடாது, அதில் தாது ஏதும் இல்லை. ஆவியான அளவை ஈடுகட்ட அதைவிட நல்லது கிடையாது. மூன்று கோடையாக என் மீட்டர் 450-ஐத் தாண்டவில்லை.

2022 கடைசியில் தொட்டியைப் பிரித்து முதலிலிருந்து கட்டினேன். இந்த முறை தண்ணீரைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தேன். அடியில் கண்மாய்க் கரம்பை, அதாவது வண்டல் களிமண். சலித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, இப்படி நாலு தடவை செய்து ஓர் அங்குலம் பரப்பினேன். மேலே கழுவிய ஆற்று மணல் ஒன்றரை அங்குலம், பின்பக்கம் இன்னும் உயரமாக. களிமண் சத்தைப் பிடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். மணல் அதைக் கலங்காமல் மூடிவைக்கும். கல்லுக்குச் செம்பூராங்கல், வினிகர் விட்டால் நுரைக்காது. கட்டைக்குச் சீமைக் கருவேல வேர். பல வருடம் காய்ந்து கிடந்ததைப் பட்டை உரித்து, வேகவைத்து, ஒன்றரை மாதம் ஊறவைத்தேன். அதற்குப் பிறகும் தண்ணீர் லேசான டீ நிறத்தில் இருந்தது.

பின்னால் வாலிஸ்னேரியா, நாடா போல இலை நீளும் நீர்ச்செடி. இதை நான் மனதார நேசிக்கிறேன். தண்ணீரில் கரைந்த கரியமில வாயு குறைவாக இருந்தாலும் பைகார்பனேட்டிலிருந்தே கரிச்சத்தை எடுத்துக்கொள்ளும். நமக்குத் தொல்லையாகத் தெரியும் கடினத் தண்ணீர் அதற்குச் சாப்பாடு. நல்ல வெளிச்சத்தில் இலை மேல் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு படியும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். மாஸ் எனப்படும் பாசிவகைச் செடிகளுக்கு அந்தத் திறமை இல்லை. ஜாவா பாசி என்னிடம் இரண்டு தடவையும் தேறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நடுவில் மீண்டும் துளிர்த்த கிரிப்டோகோரைன். கருவேல வேரின் மேல் அனுபியாஸ் செடி. அதன் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும், நூலால் கட்டினால் போதும்.

செடி வளரக் கரியமில வாயு கொடுப்பதை விட்டுவிட்டேன். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டில் நம் வெயிலில் முதல் நாலு நாள் பொங்கும், பிறகு அடங்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இலை ஓரமெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி ஏறியது. விளக்கு ஆறரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். உப்புக் காற்றில் முதல் விளக்கின் அலுமினியக் கூடு வெள்ளையாகப் பொரிந்து உதிர்ந்தது. இப்போது தொட்டியிலிருந்து ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை துடைக்கிறேன். கரண்டு போனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் ஸ்பாஞ்ச் பில்டரும் கட்டாயம் வேண்டும். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

மீனில் கப்பி இந்தத் தண்ணீருக்கென்றே பிறந்தது. இறால் மே மாதச் சூட்டைத் தாங்கவில்லை. எனக்குப் பிடித்தது அயிரை. குழம்புக்கு வந்ததில் உயிரோடு இருந்த எட்டை எடுத்துவிட்டேன், ஆறு தங்கின. மணலில் பாதி புதைந்து கண்ணை மட்டும் வெளியே காட்டும். வாலிஸ்னேரியா ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் அயிரை மேயும்போது ஊருணிப் படியில் உட்கார்ந்து கீழே பார்ப்பது போலவே இருக்கிறது.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. வாலிஸ்னேரியாவின் ஓடுதண்டுகள் மாதம் ஒருமுறை முன்பக்கம் வந்து கிரிப்டோகோரைனுக்கு வெளிச்சத்தை மறைக்கின்றன. மணலுக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு வைக்கலாமா என்று அளந்து வைத்திருக்கிறேன். மாற்றி எடுக்கும் பழைய தண்ணீரை இப்போது அம்மாவே வாளியோடு வாங்கிப் போய் முருங்கைக்கு ஊற்றுகிறார். இந்த ஐப்பசிக்கு இன்னொரு டிரம் வாங்கச் சொன்னதும் அவர்தான்.