வால்கிரைண்டும் அந்த மூன்று புள்ளியும்

புது ப்ராஜெக்டில் மெமரித் தப்புகளைக் கண்டுபிடிக்க வால்கிரைண்ட் வேண்டுமா, கம்பைல் செய்யும்போதே சேர்க்கிற அட்ரஸ் சானிடைசர் போதுமா என்று போன வாரம் நண்பர் கேட்டார். ஆறு வருடமாக, வால்கிரைண்டின் மெமரி சோதனைக் கருவியான மெம்செக்கோடு குடித்தனம் நடத்துகிறேன். அதில் ப்ரோக்ராம் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும் என்பது ஊரறிந்த விஷயம். எனக்கு அது பரவாயில்லை, ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன்.

என் கோபமெல்லாம், எந்தெந்த எச்சரிக்கையைக் காட்டவேண்டாம் என்று பட்டியல் போடும் சப்ரஷன் ஃபைல் மேல்தான். ஆரம்பத்தில் நான்கே பதிவுகள். ஸ்டாக், அதாவது எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற வரிசை, கொஞ்சம் மாறினால் பதிவு பொருந்தாது, எச்சரிக்கை திரும்ப வந்து நிற்கும். எரிச்சலில் யாரோ (சரி, நான்தான்) ஃபங்ஷன் பெயர்களை அழித்து மூன்று புள்ளி வைத்து, அடியில் நெட்வொர்க் லைப்ரரியின் பெயரை மட்டும் விட்டுவைத்தேன். அந்த வரிசையில் எத்தனை ஃப்ரேம் (படி) வந்தாலும் சரி என்று அதற்குப் பொருள். அந்த லைப்ரரி கூப்பிடும் எங்கள் கால்பேக் ஃபங்ஷனும் அதே ஸ்டாக்கில்தானே இருக்கிறது! எங்கள் தப்புக்கும் சேர்த்து வாய்ப்பூட்டு போட்டிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு டெஸ்ட் அவ்வப்போது விழ ஆரம்பித்தது. வால்கிரைண்டில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் ஓடும், டைமிங் கோளாறாக இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினோம். மூன்று தரம் ரீட்ரை போட்டு மூடினோம். எட்டு மாதம் கழித்து, பதிவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தபோது ஏழாவதில் சிக்கியது: நீளத்தைக் குறிக்கும், ஆரம்ப மதிப்பே வைக்காத ஒரு ஃபீல்டு. ஒரு பூஜ்ஜியம் போட்டேன், டெஸ்ட் விழுவது நின்றது.

2006இல் டெபியன் என்ற லினக்ஸில் இப்படியொரு எச்சரிக்கையை அடக்கத்தான், குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லில் சீரற்ற எண்கள் உருவாகும் இடத்தில் இரண்டு வரியைக் கமென்ட் ஆக்கி முடக்கினார்கள். 2008இல் குட்டு வெளிப்பட்டபோது, சாவிகளின் ரகசியம் ஓடும் ப்ரோக்ராமுக்கு சிஸ்டம் தரும் 32,768 ப்ராசஸ் எண்களுக்குள் சுருங்கிக் கிடந்தது. நான் தப்பித்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

எந்தப் பதிவு இனி எதற்கும் பொருந்தாமல் செத்துப்போனது என்றாவது வால்கிரைண்ட் சொல்லக்கூடாதா? வெர்போஸில் (விவரமாகச் சொல்லும் முறையில்) ஓட்டினால் பயன்பட்டவற்றை எண்ணிக்கையோடு காட்டும். மீதியை நாமே கழித்துப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஃபீல்டை அட்ரஸ் சானிடைசர் பிடித்திருக்காது, அது அதன் வேலையே இல்லை. மெமரி சானிடைசர் பிடிக்கும், ஆனால் எல்லா லைப்ரரியையும் அதோடு கம்பைல் செய்தாகவேண்டும். வால்கிரைண்டுக்கு இருக்கிற பைனரியே போதும். இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன்.

நான் இன்றிரவும் ஓட்டுவேன். இப்போது பதினோரு பதிவுகள், ஒவ்வொன்றின் தலையிலும் யார், எதற்கு, எந்தத் தேதி என்று ஒரு கமென்ட். கடைசிப் பதிவில் மட்டும் இன்னும் மூன்று புள்ளி இருக்கிறது.