முதிர்ந்தால் ஒட்டுமா, விடுமா? மேக்ரோஃபேஜும் டென்ட்ரிடிக் செல்லும்

ரத்தத்திலிருந்து பிரித்த மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை இரண்டு தட்டுகளில் போடுங்கள். ஒன்றில் எம்-சிஎஸ்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியை விட்டால் அவை மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணு ஆகும். இன்னொன்றில் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற வேறொரு காரணியோடு ஐஎல்-4 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சேர்த்தால், கிருமியின் துண்டை டி செல் என்ற வெள்ளணுக்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல் ஆகும். ஒரு வாரம் போதும். ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான். முதிர்ச்சி மட்டும் ஒன்றைத் தரையோடு கட்டிப்போடுகிறது, இன்னொன்றை அவிழ்த்துவிடுகிறது.

மேக்ரோஃபேஜை முதலில் முடித்துவிடலாம். தட்டின் அடியில் அப்பிக்கொண்டால் லேசில் வராது. புரதத்தை அறுக்கும் டிரிப்சின் நொதிக்கும் மசியாது. பிடியைத் தளர்த்தும் குளிர்ந்த இடிடிஏ கரைசலில் ஊறவைத்து, ரப்பர் சுரண்டியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதில் கொஞ்சம் கிழிந்து செத்தும் போகும். இந்தப் பிடிக்குக் காரணம், செல்லை வெளிப்பரப்போடு பிணைக்கும் இன்டெக்ரின் புரதங்கள். அவை போடோசோம் என்ற சிறு பாதங்களைச் சுற்றி வளையமாக நிற்கும். நடுவில் ஆக்டின் என்ற இழைப்புரதத்தின் தண்டு. அந்தப் பாதம் ஊன்றுவதோடு நிற்காது, அடியிலுள்ள திசுச் சவ்வை அரித்து வழியும் உண்டாக்கும். செத்த செல்களை விழுங்குவதும் காயத்தைச் சரிசெய்வதும் இருந்த இடத்தில் செய்கிற வேலை. அதற்கு வேகம் எதற்கு?

டென்ட்ரிடிக் செல்லின் கதைதான் சுவாரசியம். 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மனும் ஜான்வில் கோனும் இதை விவரித்தார்கள். முதிராத பருவத்தில் இதற்கும் போடோசோம் உண்டு. கொஞ்சம் நகரும், நிற்கும், சுற்றியுள்ள திரவத்தை மடக்கு மடக்காகக் குடிக்கும், மறுபடி நகரும். தோலிலுள்ள இதன் வகையான லாங்கர்ஹான்ஸ் செல்லோ ஈ-கேதரின் என்ற ஒட்டுப் புரதம் வழியாகப் பக்கத்துத் தோல் செல்களின் கையைப் பிடித்தபடி இருக்கும்.

கிருமியின் வாடை பட்டதும் எல்லாம் மாறுகிறது. சில மணி நேரத்தில் போடோசோம்கள் கரைகின்றன. ஈ-கேதரின் குறைகிறது. சிசிஆர்7 என்ற ஏற்பி மேலே வருகிறது. நிணநீர்க் குழாய்கள் வெளியிடும் சிசிஎல்21 என்ற ஈர்ப்புப் புரதத்தை மோப்பம் பிடிக்க அது போதும். குடிப்பதும் குறைந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் ஆக்டினில் நடப்பது: இதுவரை முன்பக்கத்தில் திரண்டு குடிப்பதற்கு வாய் அமைத்துக்கொண்டிருந்த அதே புரதம், இப்போது பின்பக்கத்தில் திரண்டு உந்துகிறது. தயங்கித் தயங்கி நடந்த செல் நேர்கோட்டில் வேகமாக ஓடுகிறது.

பிடிமானம் இல்லாமல் எப்படி ஓடும்? 2008இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் டென்ட்ரிடிக் செல்களிலிருந்து இன்டெக்ரின்களை மொத்தமாக நீக்கிப் பார்த்தார்கள். தட்டையான பரப்பில் அவை நகர முடியாமல் தவித்தன. நார்கள் பின்னிய முப்பரிமாணத் திசுவில் எந்தக் குறையும் தெரியவில்லை. உடலை நீட்டிச் சந்துக்குள் நுழைத்து, பின்பக்கத்தைச் சுருக்கித் தடித்த உட்கருவைப் பிதுக்கித் தள்ளி, அமீபா போலவே போய்விட்டன. கண்ணாடித் தட்டில் மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இது தெரிந்திருக்காது.

அதற்காக இன்டெக்ரின் தேவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாயும் ரத்தத்திலிருந்து குழாய்ச் சுவரைப் பிடித்து இறங்க அது வேண்டும். பீட்டா-2 இன்டெக்ரின் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நிறைந்து கிடக்கும், அவை இறங்கி வராததால் புண்ணில் சீழ் கட்டாது. தொப்புள்கொடி விழவும் தாமதமாகும். டி செல்கள் இந்த ஒட்டுதலை இன்னும் நுணுக்கமாகக் கையாள்கின்றன: அனுபவமில்லாதவை எல்-செலக்டின் என்ற வேறொரு ஒட்டுப் புரதத்தை வைத்து நிணநீர்க்கணுவுக்குள் நுழையும், தூண்டப்பட்டுப் போருக்குத் தயாரானவை அதை உதிர்த்துவிட்டு, வீக்கமுள்ள திசுவில் இறங்க உதவும் எல்எஃப்ஏ-1, விஎல்ஏ-4 ஆகிய இன்டெக்ரின்களைக் கூட்டிக்கொள்ளும்.

வேகத்தில் டென்ட்ரிடிக் செல் வெல்கிறது, பிடியில் மேக்ரோஃபேஜ். ஆனால் ஓடிப்போன செல்லும் கடைசியில் ஒட்டத்தான் செய்கிறது. முதிரும்போதே தன் மேல்பரப்பில் ஐகேம்-1 என்ற ஒட்டுப் புரதத்தை அது கூட்டி வைத்திருக்கும். நிணநீர்க்கணுவில் அலையும் டி செல்களில், அது கொண்டுவந்த கிருமித் துண்டை அடையாளம் காணும் ஒன்று வந்து மோதினால், அந்த டி செல்லின் எல்எஃப்ஏ-1 அதை இறுகப் பற்றும். அதன்பின் இரண்டும் பல மணி நேரம் பிரியாது.