ஜீரோவைக் காட்டி ஏமாற்றிய எட்டு சேனல் பெட்டி

கோயம்புத்தூர் பக்கம் சின்ன அளவில் பம்ப் செய்பவர்கள், டெஸ்ட் பெஞ்சைக் கம்ப்யூட்டரில் இணைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயர் போடவில்லை. ஏன் என்பது கீழே வருகிறது, அதுவும் என் முட்டாள்தனம்தான்.

எங்களுடையது பத்துப் பேர் வேலை செய்யும் ஒர்க்‌ஷாப். மோனோபிளாக், சப்மெர்சிபிள் இரண்டும் போடுகிறோம். டெஸ்டிங் எல்லாம் இத்தனை நாளும் பிரஷர் கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுவதுதான். டீலர் ஒருத்தர் கம்ப்யூட்டர் பிரிண்டில் ரிப்போர்ட் வேண்டும் என்றார். சரி என்று பிரஷருக்கும் ஃப்ளோவுக்கும் 4-20 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்மிட்டர் வாங்கிப் போட்டோம். அளவு ஜீரோ என்றால் 4 மில்லி ஆம்பியர், முழு அளவு என்றால் 20 என்று கரன்ட் அனுப்பும் கருவி அது. அந்தக் கரன்ட்டை எண்ணாக்கி ஆர்எஸ்-485 என்ற சீரியல் லைன் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக எட்டு சேனல், அதாவது எட்டு இன்புட் உள்ள அனலாக் இன்புட் மாட்யூல், இரண்டு பெஞ்சுக்கு இரண்டு. "16 பிட், 3000 வோல்ட் ஐசோலேஷன், மோட்பஸ் ஆர்டியு, நேரா 4-20 கொடுக்கலாங்க" என்றார் விற்றவர். 16 பிட் என்றால் அளவை எவ்வளவு நுணுக்கமாகப் படிகளாகப் பிரிக்கும் என்பது, ஐசோலேஷன் என்றால் இன்புட்டுக்கும் சப்ளைக்கும் மின் தொடர்பே இல்லாதது, மோட்பஸ் ஆர்டியு என்பது கம்ப்யூட்டரோடு பேசும் முறை. ஒன்று 9,500 ரூபாய். வந்து ஓட்டிக் கொடுக்கத் தனியாக 6,000. பில் கேட்டதற்கு, "பில் போட்டா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி ஆகுமுங்க, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். நானும் தலையாட்டி ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

ஓட்டிக் கொடுக்க வந்த பையன் முதல் நாள் முழுக்க ஒயரைப் பிடுங்கி மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு மாட்யூலை மட்டும் மாட்டினால் வருகிறது, இரண்டையும் மாட்டினால் டைம்-அவுட். கேபிள் மட்டம் என்றான், ஷீல்டு கேபிள் வாங்கி வரச் சொன்னான். சாயங்காலம்தான் தெரிந்தது, இரண்டு பெட்டியும் ஃபேக்டரியிலிருந்து வந்தபடி அட்ரஸ் 1-லேயே இருக்கின்றன. ஒரே லைனில் இரண்டு பேரும் ஒரே பெயருக்குப் பதில் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றைத் தனியாக மாட்டி 2 என்று மாற்றினால் தீர்ந்தது. லைனின் இரண்டு ஒயருக்கு ஏ, பி என்று அச்சடித்திருந்ததும், கம்ப்யூட்டரில் மாட்டும் நம் கன்வெர்ட்டருக்குத் தலைகீழ். இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. சீரியல் லைன் என்றால் இந்தச் சில்லறைத் தகராறு எல்லா இடத்திலும் உண்டு. எந்த அளவு எந்த எண்ணில் இருக்கும் என்று சொல்லும் ரெஜிஸ்டர் லிஸ்ட் என்று கொடுத்த ஜெராக்ஸ் வேறு ஏதோ மாடலுடையது, பிரஷர் கட்டத்தில் ஃப்ளோ வந்தது. காகிதத்தில் 30001 என்று இருப்பதைச் சாஃப்ட்வேரில் 0 என்று போட வேண்டும் என்பதை நானே துழாவிக் கண்டுபிடித்தேன். அதையும் விடுங்கள்.

மறுநாள் காலையில் நடந்ததைத்தான் நான் கவனித்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லை, பம்ப் ஓடவில்லை, ஸ்கிரீனில் ஹெட் (பம்ப் தண்ணீரை ஏற்றும் உயரம், மீட்டரில்) 0 காட்ட வேண்டும். மைனஸ் 1.0 காட்டியது. "இது சும்மா ஆஃப்செட்டுங்ணா" என்று சொல்லிக்கொண்டே பையன் சாஃப்ட்வேரில், வரும் அளவோடு கூட்டிக்கொள்ளும் ஆஃப்செட் கட்டத்தைத் திறந்து 1 என்று தட்டினான். ஸ்கிரீனில் 0.0. "ஜீரோ வந்துருச்சு பாருங்ணா." நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பத்து நாள் கழித்து எங்கள் டெஸ்டிங் அண்ணன் வந்தார். 5 எச்பி மோனோபிளாக், 40 மீட்டர் ஹெட் வர வேண்டியது, கம்ப்யூட்டர் 38.4 என்கிறது. "கேஜ் நாலு கிலோ காட்டுதுங்க தம்பி, அப்ப நாப்பது மீட்டர்தான?" என்றார். விற்றவருக்குப் போன் போட்டேன். அவர் அசரவில்லை. "உங்க கேஜ் என்ன கிளாஸ் பாருங்க" என்றார். 2.5 என்று டயலில் போட்டிருந்தது. "பத்து கிலோ கேஜ்ல ரெண்டரை பர்சென்ட்னா கால் கிலோ. ரெண்டரை மீட்டர் முன்னப்பின்ன இருக்கலாம். எங்க மாட்யூல் 16 பிட்டுங்க." கணக்குச் சரிதான். இந்த மாதிரி கணக்குச் சரியாக இருக்கும் பொய்யிடம்தான் நாம் மாட்டிக்கொள்கிறோம். இருபது வருஷமாகப் பம்ப்போடு இருக்கும் மனிதர் சொன்னதை விட்டுவிட்டு, புள்ளி வைத்துக் காட்டிய ஸ்கிரீனை நம்பினேன்.

நம்பி என்ன செய்தேன் தெரியுமா? 180 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கடையும் இம்பெல்லரை (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) 183.5-லேயே நிறுத்தச் சொன்னேன். விட்டத்தின் வர்க்கத்துக்கு ஹெட் ஏறும், கம்ப்யூட்டரிலும் 40 வந்துவிட்டது. ஆனால் மோட்டார் இழுக்கும் பவர் கிட்டத்தட்ட மூன்றாம் அடுக்கில் ஏறும், அதாவது 6 சதவீதம் கூடுதல். அந்தப் பம்புகளில் ஒன்று தாராபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் கோடை வெயிலில் வைண்டிங் காந்திப்போய்த் திரும்பி வந்தது. அந்த விவசாயி திட்டியதை இங்கே எழுத முடியாது. அவர் பக்கம் நியாயம் இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு தலைவலி. பக்கத்து ஷெட்டில் லேத் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஸ்டார்ட் ஆனால் ஹெட் மூன்று மீட்டர் குதிக்கும். "எர்த்திங் சரியில்லீங்க" என்றார் விற்றவர். கரி, உப்பு போட்டுப் புதுக் குழி தோண்டினோம், 4,500. குதிப்பு நிற்கவில்லை. "டிரான்ஸ்மிட்டர் மட்டமுங்க" என்று சொல்லி அவரே ஒன்று விற்றார், 7,500. புது டிரான்ஸ்மிட்டரிலும் அதே 38.4. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வேறு கம்பெனி டிரான்ஸ்மிட்டர் எப்படி ஒரே அளவு தப்புச் சொல்லும்?

ஸ்பின்னிங் மில்லில் இன்ஸ்ட்ருமென்ட் பார்க்கும் நண்பர் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை 4-20 கரன்ட்டை அளந்து கொடுக்கும் லூப் கேலிபரேட்டரோடு வந்தார். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு நேராக மாட்யூலுக்கே கரன்ட் கொடுத்தார். 4 மில்லி ஆம்பியருக்கு 0. சரி. 12-க்கு 50 மீட்டர் வர வேண்டும், 48. 20-க்கு 100 வர வேண்டும், 96. நண்பர் ஆஃப்செட்டை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தார்: மைனஸ் 1, 47, 95. ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தவர், "எல்லாம் நாலு பர்சென்ட் கம்மி. ஸ்க்ரூடிரைவர் எடுங்க" என்றார்.

மூடியைத் திறந்தோம். நேராக 4-20 வாங்கும் மாட்யூல் இல்லை அது. 0-5 வோல்ட் மாட்யூல். ஒவ்வொரு சேனலின் குறுக்கிலும் யாரோ கையால் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தார்கள், ஃப்ளக்ஸ் கறைகூடத் துடைக்கவில்லை. கரன்ட்டை வோல்ட்டாக்க இப்படி ரெசிஸ்டர் போடுவது தப்பில்லை. 250 ஓம் போட்டால் 20 மில்லி ஆம்பியருக்குச் சரியாக 5 வோல்ட் வரும். ஆனால் நான் டார்ச் அடித்துப் பார்த்த கோடுகள்: சிவப்பு, மஞ்சள், பிரவுன், தங்கம். 240 ஓம், 5 சதவீத கார்பன். கடையில் சல்லிசாகக் கிடைக்கும் 5 சதவீத வரிசையில் 250 என்று ஒன்று கிடையாது. 240 உண்டு, அடுத்தது 270. அவர்கள் பக்கத்தில் இருந்ததைப் போட்டுவிட்டார்கள். 250-க்கு 240, அதாவது 0.96. பையன் காலையில் ஒரு தட்டில் மறைத்த மைனஸ் 1-ம் இதே கணக்குதான்: 4 மில்லி ஆம்பியர் 3.84 ஆகத் தெரிந்தால் மைனஸ் 1 மீட்டர்.

ஐசோலேஷன்? மல்டிமீட்டரை, தொடர்பு இருந்தால் கத்தும் பீப் மோடில் வைத்து ஒரு முனையை மாட்யூலின் 24 வோல்ட் சப்ளை மைனஸில், மறு முனையை இன்புட் மைனஸில் வைத்தார் நண்பர். பீப். உள்ளே இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்கும் ஆப்டோகப்ளரும் இல்லை, தனி டிசி-டிசி கன்வெர்ட்டரும் இல்லை. இரண்டும் ஒரே செம்புப் பட்டை. லேத் டிரைவின் மின் இரைச்சல் நேராக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் வெளியே குழி தோண்டிக்கொண்டிருந்தேன்.

16 பிட்டையும் பார்த்துவிடலாம் என்று கேலிபரேட்டரை மெல்லத் திருகிக்கொண்டே ரெஜிஸ்டரின் எண்ணைப் பார்த்தோம். 32704, 32720, 32736. பதினாறு பதினாறாகத் தாவுகிறது, நடுவில் ஒன்றுமே வருவதில்லை. 12 பிட் எண்ணை நாலு பிட் இடப்பக்கம் தள்ளி 16 பிட் மாதிரி வேஷம் கட்டியிருக்கிறார்கள். 65,536 படி என்று விற்றது, இருப்பது 4,096. உண்மையைச் சொன்னால் பம்ப் டெஸ்ட்டுக்கு 12 பிட்டே தாராளம். 12 பிட் என்று சொல்லி விற்றிருந்தால் வாங்கியிருப்பேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை போன் போட்டேன். விற்றவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "அது ஒண்ணுமில்லீங்க, சாஃப்ட்வேர்ல 1.0417-ஆல பெருக்கிக்கங்க." எண்ணை யோசிக்காமல் சொன்னார். ஒன்றை 0.96-ஆல் வகுத்தால் அதுதான் வரும். அப்படியானால் எத்தனை பேர் எனக்கு முன்னால் போன் செய்திருப்பார்கள்? அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

வக்கீல் நண்பரிடம் கேட்டேன். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் சட்டத்தில் நுகர்வோர் என்ற வரையறைக்குள் வருவதே சிக்கல், பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவர் என்று வாதாடிப் பார்க்கலாம், ஆனால் முதலில் பில் எங்கே என்றார். என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட், அதில் எழுதியிருப்பது ஒரு தனி ஆள் பெயர். பெயர் போடாத காரணம் புரிந்திருக்கும்.

அடையாளம் மட்டும் சொல்கிறேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி, டின் ரெயிலில் (பேனலுக்குள் இருக்கும் உலோகப் பட்டை) மாட்டுவது. பக்கவாட்டு லேபிளை நகத்தால் கீறிப் பாருங்கள், அடியில் இன்னொரு லேபிள் இருக்கும். எங்களுடையதில் அடி லேபிளில் "0-5 வி" என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. வாங்குகிற இடத்திலேயே 24 வோல்ட் மைனஸுக்கும் இன்புட் மைனஸுக்கும் பீப் வைத்துப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. ஓட்டிக் கொடுக்க வருபவரிடம் கேலிபரேட்டர் எடுத்து வரச் சொல்லி 4, 12, 20 மூன்றையும் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். "ஜீரோ வந்துருச்சு பாருங்ணா" என்றால், ஆஃப்செட் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பாருங்கள்.

மாட்யூல், கூலி, டிரான்ஸ்மிட்டர், எர்த் குழி எல்லாம் சேர்த்து 37,000. தோட்டத்துக்காரருக்கு வைண்டிங் கட்டிக் கொடுத்தது தனி. ஒரு மாட்யூலில் மட்டும் 249 ஓம், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களை நாங்களே பற்றவைத்தோம், எட்டும் சேர்ந்து ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. இப்போது ஆஃப்செட் இல்லாமல் மைனஸ் 0.1, 49.7, 99.5. ஐசோலேஷனுக்கு ஒன்றும் செய்ய முடியாது, அதனால் பக்கத்து ஷெட்டில் லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் டெஸ்ட் எடுக்கிறோம். அவர்கள் சாப்பிடப் போகும் நேரம் எங்களுக்கு டெஸ்டிங் நேரம். பில்லோடு புது மாட்யூல் ஆர்டர் போட்டிருக்கிறேன். 183.5-ல் கடைந்த இம்பெல்லரோடு போன பம்புகளில் பதினொன்று இன்னும் வெளியே ஓடிக்கொண்டிருக்கின்றன. டீலர்களுக்கு ஒவ்வொருத்தராகப் போன் போட்டுத் திரும்ப வரவழைக்கிறேன்.