யுனிபிவட்டா, கிம்பலா? வேலூர் வெயிலில் நெளிந்த தட்டுகளுக்கு எந்த டோன்ஆர்ம்

வேலூரில் பழைய எல்பி இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்குப் பெரிய தலைவலி தட்டு நெளிவதுதான். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் அடுக்கி வைத்த தட்டுகள் சில கோடையிலேயே விளிம்பில் அலை எடுத்துவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் டோன்ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்கும் கை, ஏறி இறங்கியாக வேண்டும். எந்த வகை டோன்ஆர்ம் வாங்குவது என்பதை இங்கே முடிவு செய்வது இந்த ஏற்ற இறக்கம்தான்.

இங்கே பார்க்கும் வகைகள் இரண்டு: கிம்பல், யுனிபிவட். கிம்பலில் மேல்கீழ் அசைவுக்கு ஒரு அச்சு, பக்கவாட்டுக்கு ஒரு அச்சு, இரண்டுக்கும் தனித்தனி பேரிங். யுனிபிவட்டில் அப்படித் தனித்தனி பேரிங் கிடையாது. கூரான ஒரே முனையில் டோன்ஆர்ம் முழுவதும் உட்கார்ந்திருக்கும். எடையின் மையம் அந்த முனைக்குக் கீழே இருப்பதால்தான் அது கவிழாமல் நிற்கிறது. உராய்வு மிகக் குறைவு, நாள்பட நாள்பட பேரிங் ஆடுமே என்ற கவலையும் இல்லை. நன்றாக அமைந்த யுனிபிவட்டில் குரலும் வீணையும் தனித்தனியாகத் துலங்கும். அதை ஒருமுறை கேட்டவர்கள் எளிதில் விடமாட்டார்கள்.

ஆனால் அது இடம்வலமாகச் சாய்வதைத் தடுக்க எதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜை (டோன்ஆர்மின் நுனியில் ஊசி பொருத்திய பெட்டி) மாற்றினாலும், துடைக்கும்போது கை பட்டாலும், மேலே வளைந்து போகும் மெல்லிய ஒயர் கொஞ்சம் திரும்பினாலும் ஊசியின் நிமிர்வு, அதாவது அஸிமத், மாறிவிடும். ஒரு சேனலின் ஒலி மற்றதில் கசியும், பாடுபவர் குரல் நடுவை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கும். மாதம் ஒருமுறையாவது இதைச் சரிபார்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு, தட்டின் கனமே உள்ள சிறு முகக்கண்ணாடியை பிளாட்டர் (தட்டைச் சுழற்றும் வட்டு) மேல் வைத்து, டோன்ஆர்மைத் தூக்கி இறக்கும் லீவரால் ஊசியை மெதுவாக இறக்குங்கள். எதிரில் குனிந்து பார்த்தால் கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். உடைந்து தெரிந்தால் டோன்ஆர்மின் பின்முனையில் உள்ள எடையை, அதாவது கவுண்டர்வெயிட்டை, மயிரிழை அளவு திருப்புங்கள். அப்படித் திருப்பும்போது ஊசியின் அழுத்தமும் நகர்ந்துவிடும் என்பதால் 0.01 கிராம் காட்டும் தராசில் மறுபடி எடை பார்ப்பது கட்டாயம். பலர் இதை விட்டுவிட்டு, டோன்ஆர்ம் சரியில்லை என்கிறார்கள்.

பல யுனிபிவட்டுகளில் ஆட்டத்தை அடக்க முனையைச் சுற்றி சிலிகோன் எண்ணெய் விடுவார்கள். கூடுதலாக விட்டால் நெளிந்த தட்டில் டோன்ஆர்ம் தாமதமாக இறங்கும், அந்தச் சுமை முழுவதும் ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டின் மேல் விழும். துளித்துளியாக ஏற்றிக் கேளுங்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய சத்துவாச்சாரி போன்ற இடங்களில் புழுதி அந்த எண்ணெயில் படிந்து சேறாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை துடைத்துப் புது எண்ணெய் விட வேண்டும்.

கிம்பலில் இவ்வளவு கவனிப்பு தேவையில்லை. 1983-ல் வந்த ரேகா ஆர்பி300, டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வின் டோன்ஆர்ம் இரண்டும் இந்த வகை. பழையது வாங்கும்போது மட்டும் பேரிங்கைச் சோதியுங்கள். டோன்ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, டோன்ஆர்ம் மிதக்கும்படி சமன் செய்து, ஓரத்திலிருந்து லேசாக ஊதினால் எங்கும் சிக்காமல் நகர வேண்டும். பிறகு கார்ட்ரிட்ஜ் பொருத்திய ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மிக மெல்ல அசையுங்கள். 'டிக்' என்று ஒரு தட்டல் விரலுக்குத் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது, ஸகர ஷகரம் கரகரக்கும். அதை நாமே முடுக்கப் போனால் இறுகி, ஊசி ஒரே பள்ளத்தில் சுற்றத் தொடங்கும். தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

எந்த வகையானாலும் டோன்ஆர்மும் கார்ட்ரிட்ஜும் பொருந்துமா என்று பார்க்கும் கணக்கு ஒன்றுதான். டோன்ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஊசியில் உணரப்படும் டோன்ஆர்மின் எடை), கார்ட்ரிட்ஜ், திருகு எல்லாவற்றின் எடையையும் கூட்டி, கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸால் (ஊசி எவ்வளவு எளிதில் அசையும் என்ற அளவு) பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159-ஐ வகுத்தால், இரண்டும் சேர்ந்து தானாக ஆடும் வேகமான ஒத்ததிர்வு ஹெர்ட்ஸில் வரும். 8 முதல் 12-க்குள் இருக்க வேண்டும். 11 கிராம் டோன்ஆர்ம், 7.2 கிராம் ஆர்டோஃபோன் 2எம் ரெட், அரை கிராம் திருகு, கம்ப்ளையன்ஸ் 20: ஏறக்குறைய 8.2. விளிம்புக்குள் வந்தாலும் நெளிந்த தட்டுக்கு இது சற்றுக் கீழே. கம்ப்ளையன்ஸ் குறைந்த, கொஞ்சம் இறுக்கமான கார்ட்ரிட்ஜாக இருந்தால் நிம்மதி. நெளிவின் அசைவு இதற்கும் கீழேதான் இருக்கும், ஒத்ததிர்வு இறங்கி அதோடு மோதினால் ஊசி குதிக்கும்.

குழந்தைகளும் பெரியவர்களும் தட்டு போடும் வீட்டுக்குக் கிம்பல்தான். ஒரே கார்ட்ரிட்ஜை வருடக்கணக்கில் வைத்து, தானே பராமரிப்பவருக்கு யுனிபிவட் தரும் ஒலிக்கு அந்த உழைப்பு தகும். யுனிபிவட்டுக்குப் பேர்போன விபிஐ நிறுவனமே பின்னாளில் கிம்பலும் விற்கத் தொடங்கியது.

ஒரு எச்சரிக்கை. பாட்டு நடுவில் கரண்ட் போனால் இருட்டில் விரலால் தூக்காதீர்கள். யுனிபிவட் உருண்டு சாய்ந்து ஊசி பக்கவாட்டில் தட்டைக் கீறிவிடும். லீவரைத் தேடித் தொட்டு உயர்த்துங்கள்.