அலுவலகத்திற்கே வந்து தரும் ஃபயர் வார்டன் பயிற்சி: ஒரு மதிப்பீடு

பழைய மகாபலிபுரம் சாலையில், பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது. தளத்திற்கு இருவரை ஃபயர் வார்டன்களாக, அதாவது தீ விபத்தின்போது மற்றவர்களை வெளியேற்றும் பொறுப்பாளர்களாக, தேர்ந்து, அவர்களுக்கு இங்கேயே பயிற்சி அளிக்கச் சென்னையிலுள்ள தனியார் நிறுவனம் ஒன்றை அமர்த்தியிருந்தோம். கொடுத்த கட்டணத்திற்கு அது தகுமா என்றால், பெரும்பாலும் தகும் என்றே சொல்வேன்.

அதற்கு முதற்காரணம், வகுப்பு தொடங்கும் முன்பே பயிற்றுநர் கட்டடம் முழுவதையும் நடந்து பார்த்ததுதான். படிக்கட்டை ஒட்டிய தீத்தடுப்புக் கதவுகள் தண்ணீர் கேன்களை முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கப்பட்டிருந்ததையும், படிக்கட்டுத் திருப்பங்களில் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்ததையும் படமெடுத்து, அவற்றையே வகுப்பில் காட்டினார். புகை படிக்கட்டுக்குள் புகாமல் தடுப்பதற்கென்றே அந்தக் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டுள்ளன என்பது, தினமும் அவ்வழியே போய்வரும் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வெளியே ஒரு மண்டபத்தில் நடக்கும் பொதுப் பயிற்சியில் இது கிடைக்காது.

வார்டனின் வேலை தீயை அணைப்பதன்று, தம் தளத்திலுள்ளவர்களை வெளியேற்றி, கழிப்பறை, கூட்ட அறை எல்லாவற்றையும் பார்த்து, கதவுகளைச் சாத்திவிட்டு, ஒன்றுகூடும் இடத்தில் தலைகளை எண்ணி யார் வரவில்லை என்று தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்வது என்பதை அவர் அழுத்தமாகப் பதியவைத்தார். அதன் பிறகே வாகன நிறுத்துமிடத்தில் தட்டில் எண்ணெய்த் தீ மூட்டி, ஒவ்வொருவர் கையிலும் தீயணைப்பானைக் கொடுத்தார். பாதுகாப்பு ஊசியைப் பிடுங்கியபின் சுடரின் உச்சியைக் குறிவைக்காமல் அடிப்பகுதியை நோக்கிப் பீய்ச்ச வேண்டும், கார்பன் டை ஆக்சைடு உருளையின் கூம்பைக் கையால் பற்றினால் கடுங்குளிரில் தோல் புண்ணாகும், கையடக்க உருளைகள் பெரும்பாலும் ஒரு நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும் என்பவற்றைச் செய்து பார்த்தே கற்றுக்கொண்டோம்.

குறைகளும் சிறியனவல்ல. திரையில் காட்டியவை அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் அழைப்புப் பட்டியலிலேயே இல்லை. விடுமுறை நாளில் கட்டடத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். சக்கர நாற்காலியில் வரும் சக ஊழியரை, மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாத நிலையில் எப்படி இறக்குவது என்ற கேள்விக்குப் பொதுவான பதிலே கிடைத்தது. கட்டடத்திலிருந்து வெளியேறும் ஒத்திகையின் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால், பலர் கைப்பையுடன் ஆயத்தமாக அமர்ந்திருந்தனர். தேர்வு எதுவுமின்றி எல்லோருக்கும் சான்றிதழ் வழங்கியது எனக்கு உடன்பாடில்லை.

ஏற்பாடு செய்ய நினைப்போர் ஏப்ரல் 14 முதல் 20 வரையிலான தீயணைப்பு வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் உயிர்நீத்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிக்கப்படும் அந்த வாரத்தில் எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் அழைப்பதால், பயிற்றுநர்கள் அவசர அவசரமாக முடித்துவிட்டு அடுத்த இடத்திற்கு ஓடுகிறார்கள். கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதும், நேரடித் தீப்பயிற்சியும், தமிழில் விளக்கமும் கட்டணத்தில் அடங்குமா என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வார்டன் விடுப்பில் சென்றால் அவருக்கு மாற்றாக நிற்பவரையும் அதே வகுப்பில் உட்காரவைப்பது அவசியம்.

இரவு ஷிஃப்டுக்கும் காவலாளிகளுக்கும் தனி வகுப்பு கேட்டபோது கூடுதல் கட்டணம் சொன்னார்கள். அதைக் கொடுத்தாவது இதே நிறுவனத்தாரையே மறுபடி அழைக்க இருக்கிறோம்.