ஐபோன் பேக்கப்பை வேறு டிரைவுக்கு மாற்றி வைத்தால்: நீண்டநாள் பயன்பாட்டில் தெரியவருபவை

256 ஜிபி எஸ்எஸ்டி போட்ட லேப்டாப்பில் விண்டோஸும் ஆபீசும் நாலைந்து மென்பொருளும் போக மிச்சமிருப்பது நூற்றைம்பது ஜிபி இருந்தால் அதிகம். அதில் ஒரு ஐபோனின் பேக்கப் வந்து உட்கார்ந்தால் பாதி இடம் போய்விடும். வீட்டில் இரண்டு ஐபோனும் ஒரு ஐபேடும் இருந்தால் சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான் என்பதால் கம்ப்யூட்டர் பேக்கப்பை விடவும் முடியாது. ஆனால் "எங்கே சேமிக்க வேண்டும்?" என்று கேட்கும் ஒரு வசதி, கம்ப்யூட்டரில் ஐபோன் பேக்கப் எடுக்கும் ஐடியூன்ஸில் இல்லை, ஆப்பிள் டிவைசஸ் ஆப்பில் இல்லை, மேக்கின் ஃபைண்டரிலும் இல்லை. கட்டாயம் இருந்திருக்க வேண்டிய வசதி அது.

அதனால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பேக்கப் ஃபோல்டரை வேறு டிரைவுக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய இடத்தில் ஒரு லிங்க் வைப்பது. ஐடியூன்ஸ் பழைய இடத்திலேயே எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்; டேட்டா போய் விழுவது எக்ஸ்டர்னல் டிரைவில். இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடும். ஓடாமல் நிற்கும்போதும் தவறு பெரும்பாலும் லிங்க்கில் இருக்காது. டிரைவின் எழுத்து மாறியிருக்கும், ஆப் மாறியதில் பாதை மாறியிருக்கும், அல்லது டிரைவை ஃபார்மட் செய்த விதம் ஒத்துவராமல் போயிருக்கும். லிங்க் போட பத்து நிமிடம் போதும். கவனம் தேவைப்படுவது இவற்றில்தான்.

ஃபோல்டர் எங்கே இருக்கிறது

விண்டோஸில் இரண்டு இடங்கள் உண்டு. ஆப்பிள் இணையதளத்திலிருந்து இறக்கிய ஐடியூன்ஸ் என்றால், பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், கடைசியாக பேக்கப். ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் தட்டினால் நேரே ரோமிங்கில் போய் நிற்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கிய ஐடியூன்ஸும், இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஆப்பிள் டிவைசஸ் ஆப்பும் வேறு பாதையில் எழுதுகின்றன: பயனர் ஃபோல்டருக்கு நேர் கீழே ஆப்பிள், அதற்குள் மொபைல்சிங்க், பேக்கப்.

நீண்டநாள் பயன்படுத்துகிறவர்களை அதிகம் குழப்புவது இந்த இரண்டு பாதைகள்தான். பழைய ஐடியூன்ஸுக்கு லிங்க் போட்டு நிம்மதியாக இருப்பார்கள். பிறகு ஆப்பிள் டிவைசஸை நிறுவுவார்கள். அதை நிறுவியதும் போன் சம்பந்தப்பட்ட வேலைகள் முழுவதும் ஐடியூன்ஸை விட்டு அதற்குப் போய்விடும். புதிய ஆப் திறந்து பார்த்தால் பழைய பேக்கப் ஒன்றையும் காட்டாது. புதிய பேக்கப்போ சி டிரைவில் முதலிலிருந்து ஆரம்பிக்கும். பேக்கப் அழிந்துவிட்டதென்று பயப்பட வேண்டாம், ஆப் பார்ப்பது வேறு ஃபோல்டரை. புதிய பாதையிலும் ஒரு லிங்க் போட்டு, அதே எக்ஸ்டர்னல் ஃபோல்டரைக் காட்டிவிட்டால் பழையவை திரும்பத் தெரியும். ஆப் மாற்றும் நாளிலேயே, முதல் பேக்கப்புக்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

பேக்கப் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். பெயர் அந்தச் சாதனத்தின் அடையாள எண். பழைய போன்களில் இது 40 எழுத்து நீளம். 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் எட்டு எழுத்து, ஒரு கோடு, பதினாறு எழுத்து என்ற வடிவம். அதைத் திறந்தால் இரண்டெழுத்துப் பெயரில் 256 ஃபோல்டர்கள் வரை இருக்கும்; அவற்றுக்குள் 40 எழுத்துப் பெயரோடு, எக்ஸ்டென்ஷன் இல்லாத ஃபைல்கள். எந்த ஃபைல் எந்தப் படம், எந்த மெசேஜ் என்ற கணக்கு மேனிஃபெஸ்ட் என்ற டேட்டாபேஸ் ஃபைலில் இருக்கிறது. உள்ளே ஒரு ஃபைலின் பெயரைக்கூட மாற்றக் கூடாது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெரிய ஃபைல்களாகப் பார்த்து அழித்தால், ரீஸ்டோர் செய்யும் நாளில் பேக்கப் சேதமாகியிருக்கிறது என்ற செய்திதான் வரும்.

விண்டோஸில் மாற்றும் முறை

ஐடியூன்ஸையோ ஆப்பிள் டிவைசஸையோ முழுவதுமாக மூடிவிட்டு, போனைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். எக்ஸ்டர்னல் டிரைவில் ஐபோன்பேக்கப் என்பதுபோல இடைவெளி இல்லாத பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பழைய பேக்கப் ஃபோல்டரில் உள்ளவற்றை அதற்குள் காப்பி செய்யுங்கள். கட் செய்து பேஸ்ட் செய்ய வேண்டாம். பாதியில் கேபிள் அசைந்தால் அங்கே பாதி இங்கே பாதி என்று ஆகிவிடும். சின்ன ஃபைல்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால், எக்ஸ்ப்ளோரரைவிட விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளை இந்த வேலைக்கு நம்பகமானது. நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். காப்பி முடிந்ததும் இரு பக்கமும் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து ஃபைல்களின் எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். பிறகு பழைய ஃபோல்டரின் பெயரை பேக்கப்-பழையது என்பதுபோல மாற்றுங்கள். உடனே அழிக்க வேண்டாம்.

இனி லிங்க். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எம்கேலிங்க் கட்டளையைத் தட்ட வேண்டும்: எம், கே, எல், ஐ, என், கே என்று ஆறு எழுத்தும் சேர்த்து. அதன்பின் இடைவெளி விட்டு, சாய்கோடும் (ஃபார்வர்ட் ஸ்லாஷ்) ஜே எழுத்தும். அடுத்து மேற்கோள் குறிகளுக்குள் லிங்க் இருக்க வேண்டிய பழைய பாதை, கடைசியில் மேற்கோள் குறிகளுக்குள் எக்ஸ்டர்னல் ஃபோல்டரின் பாதை. முதலில் லிங்க், பிறகு இலக்கு. ஆப்பிள் கம்ப்யூட்டர் என்ற பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி இல்லாமல் இது வேலை செய்யாது. இந்தக் கட்டளை கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்குள்ளேயே இருப்பது, தனி நிரல் அல்ல. பவர்ஷெல்லில் தட்டினால் அப்படி ஒன்றே இல்லை என்று சொல்லிவிடும். ஜே போட்டு உருவாவது ஜங்ஷன் என்ற வகை லிங்க்; இதற்கு அட்மின் அனுமதி தேவையில்லை. ஜே-க்குப் பதில் டி போட்டால் உருவாகும் சிம்பாலிக் லிங்க்குக்கு அட்மின் அனுமதி கேட்கும். ஒரே கம்ப்யூட்டரில் செருகிய டிரைவுக்கு ஜங்ஷனே போதும்.

எக்ஸ்ப்ளோரரில் ரைட் கிளிக் செய்து உருவாக்கும் ஷார்ட்கட் இதற்கு உதவாது. ஷார்ட்கட் என்பது தனி ஃபைல், எக்ஸ்ப்ளோரர்தான் அதைப் புரிந்துகொண்டு திறக்கிறது. ஐடியூன்ஸ் கண்டுகொள்ளாமல் சி டிரைவிலேயே புதிதாக ஒரு பேக்கப் ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ளும். மேக்கில் ஷார்ட்கட் போன்ற ஏலியாஸுக்கும் இதே கதிதான்.

லிங்க் போட்ட பின் ஒரு பேக்கப் ஓடவிட்டு, எக்ஸ்டர்னல் டிரைவில் மேனிஃபெஸ்ட் டேட்டாபேஸ் ஃபைலின் தேதியும் நேரமும் புதிதாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் பெயர் மாற்றி வைத்த பழைய ஃபோல்டரை அழிக்கலாம். பின்னாளில் லிங்க்கை எடுக்க வேண்டி வந்தால் ஆர்டி கட்டளையை வேறெந்தக் குறியும் சேர்க்காமல் பயன்படுத்துங்கள். லிங்க் மட்டும் போகும், டேட்டா இருக்கும். டெல் கட்டளையை ஜங்ஷன் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அது லிங்க்குக்கு அந்தப் பக்கம் உள்ள ஃபைல்களை அழித்துவிடும்.

எங்கே நிற்கும், ஏன் நிற்கும்

ஜங்ஷன் இலக்கை டிரைவ் எழுத்தோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. இன்று ஈ டிரைவாக இருக்கும் ஹார்டு டிஸ்க், நாளை பென் டிரைவ் செருகியிருக்கும்போது எஃப் ஆகிவிட்டால் லிங்க் வெறும் பாதைதான். பேக்கப்பைக் கம்ப்யூட்டரில் சேமிக்க முடியவில்லை என்ற எர்ரர் வரும். லிங்க் போடும் முன்பே டிஸ்க் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், அந்த டிரைவுக்கு ஆர், எஸ் போலக் கடைசி வரிசை எழுத்து ஒன்றைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

அடுத்தது ஃபார்மட். கடையில் வாங்கும் பல எக்ஸ்டர்னல் டிரைவ்கள் எக்ஸ்ஃபாட்டில் வருகின்றன. விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்கும் என்பது வசதிதான், ஆனால் பேக்கப்புக்கு அது நல்ல வீடு அல்ல. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவில் விண்டோஸ் எக்ஸ்ஃபாட்டுக்குத் தானாகக் கொடுக்கும் கிளஸ்டர் அளவு 128 கேபி. அதாவது 5 கேபி உள்ள ஃபைலும் 128 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு லட்சம் சின்ன ஃபைல்கள் இருந்தால் 12 ஜிபிக்கு மேல் போய்விடும். அதே ஃபைல்கள் 4 கேபி கிளஸ்டர் உள்ள என்டிஎஃப்எஸ்ஸில் 1 ஜிபிக்குள் அடங்கும். செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங் எக்ஸ்ஃபாட்டில் இல்லாததால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிள் கழன்றாலோ ஃபைல் அமைப்பே குலையவும் வாய்ப்பு அதிகம். ஃபாட் 32 வேண்டவே வேண்டாம். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஒரு நீள வீடியோ போனில் இருந்தால் பேக்கப் அங்கேயே நின்றுவிடும். விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக் மட்டும் என்றால் ஏபிஎஃப்எஸ்.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. லைட்னிங் கேபிளும் சாதாரண ஐபோன் 15-இன் யூஎஸ்பி-சியும் யூஎஸ்பி 2 வேகம்தான், நொடிக்கு 480 மெகாபிட். அதனால் விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கினால் பறக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் சின்னச் சின்ன ஃபைல்களை எழுதும் கட்டத்தில் தாமதம் நன்றாகவே தெரியும். சாதாரண யூஎஸ்பி எஸ்எஸ்டி ஒன்று அதைத் தீர்த்துவிடுகிறது. நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். நெட்வொர்க்கில் உள்ள டிரைவுக்கு ஜங்ஷன் போட முடியாது. சிம்பாலிக் லிங்க் மூலம் போடலாம், ஆனால் வைஃபை ஒரு நொடி துண்டித்தாலும் முழு பேக்கப்பும் கெடும் என்பதால் அந்த வழி வேண்டாம்.

டிரைவைச் செருகாமல் போனைச் செருகிவிட்டால் எர்ரர் வரும், அவ்வளவுதான். அதைப் பார்த்து லிங்க்கை அழித்தால்தான் சிக்கல். அடுத்த பேக்கப் சத்தமில்லாமல் சி டிரைவுக்குப் போய்விடும். ஐஓஎஸ் 16 காலத்திலிருந்து பேக்கப் தொடங்கும்போது போனில் பாஸ்கோடு கேட்கிறது. போனைச் செருகிவிட்டு எழுந்து போனால் எதுவும் நடந்திருக்காது; இதை டிரைவின் குற்றமாக எடுத்துக்கொண்டு தேடுபவர்கள் உண்டு.

மேக்கில்

மேக்கில் பாதை ஒன்றுதான்: பயனரின் லைப்ரரி, அதற்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், மொபைல்சிங்க், பேக்கப். 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் பதிப்பு முதல் ஐடியூன்ஸ் போய் ஃபைண்டர் வந்தபோதும் இது மாறவில்லை. டெர்மினல் ஆப்பில் தட்ட வேண்டிய கட்டளை எல்என், ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு எஸ். இங்கே வரிசை விண்டோஸுக்கு நேர் எதிர்: முதலில் இலக்கு, பிறகு லிங்க். இரண்டிலும் வேலை செய்கிறவர்கள் தடுமாறுவது இதில்தான். கேட்டலினாவுக்கு முந்தைய பதிப்பான மொஹாவே முதல் டெர்மினலுக்கு இந்த ஃபோல்டரைத் தொட அனுமதி கிடையாது. பிரைவசி செட்டிங்கில் ஃபுல் டிஸ்க் ஆக்சஸ் பட்டியலில் டெர்மினலைச் சேர்த்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இங்கே டிரைவ் எழுத்துக்குப் பதில் டிரைவின் பெயர்தான் பாதையில் இருக்கும், ஆகவே பெயரை மாற்றினால் லிங்க் போச்சு. மேக்கின் சொந்த பேக்கப் வசதியான டைம் மெஷின் லிங்க்கைத் தொடர்ந்து போய் டேட்டாவை எடுக்காது, எக்ஸ்டர்னல் டிரைவையும் தானாகச் சேர்க்காது. அப்படியென்றால் போன் பேக்கப்புக்கு இருப்பது ஒரே பிரதிதான். முக்கியமானதென்றால் இன்னொரு டிரைவில் ஒரு காப்பி வைத்தே ஆக வேண்டும்.

எக்ஸ்டர்னல் டிரைவ் கைமாறும், தொலையும். எனவே பேக்கப்பை பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி என்கிரிப்ட் செய்வது அவசியம். அது பாதுகாப்புக்கு மட்டுமல்ல. என்கிரிப்ட் செய்தால்தான் சேமித்த பாஸ்வேர்டுகள், ஹெல்த் டேட்டா, வைஃபை செட்டிங்குகள், அழைப்பு விவரங்கள் பேக்கப்பில் சேரும். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் அந்த பேக்கப்பைத் திறக்க வழியில்லை. போனில் ரீசெட் ஆல் செட்டிங்ஸ் கொடுத்தால் புது பாஸ்வேர்டோடு புது பேக்கப் எடுக்கலாம், பழையது பழையதுதான்.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை பாடு இல்லை. சாம்சங்கின் பேக்கப் மென்பொருளான ஸ்மார்ட் ஸ்விட்ச்சின் ப்ரிஃபரன்சஸில் பேக்கப் ஃபோல்டரை மாற்ற நேரடி வசதி இருக்கிறது. மாற்றாமல் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் விட்டுவைத்தால், அந்த ஃபோல்டரை ஒன்டிரைவ் சிங்க் செய்துகொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இலவச 5 ஜிபி ஒரே இரவில் நிரம்பிவிடும்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரே பேக்கப்தான் இருக்கும், அடுத்த முறை அதன்மேலேயே எழுதப்படும். பழைய நிலை ஒன்று வேண்டுமானால் மேக்கில் மேனேஜ் பேக்கப்ஸ் போய் ரைட் கிளிக் செய்து ஆர்க்கைவ் கொடுக்கலாம். விண்டோஸில் சாதனத்தின் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் காப்பி செய்து, தேதியைப் பெயராக வைத்த ஃபோல்டருக்குள் போட்டு வைக்கலாம். ரீஸ்டோர் செய்யும்போது அதைத் திரும்ப பேக்கப் ஃபோல்டருக்குள் அதே அடையாள எண் பெயரோடு வைக்க வேண்டும். இதைச் செய்ய ஏற்ற நேரம் பெரிய ஐஓஎஸ் அப்டேட்டுக்கு முந்தைய நாள். புதிய ஐஓஎஸ்ஸில் எடுத்த பேக்கப், பழைய ஐஓஎஸ் ஓடும் போனில் ஏறாது.