அல்சாஸ் வெள்ளை ஒயின்: ரீஸ்லிங்கா, கெவுர்ட்ஸ்ட்ராமினரா?

பிரான்ஸின் கிழக்கு ஓரத்தில், ஜெர்மனியை ஒட்டி இருக்கிறது அல்சாஸ். மழையை வோஜ் மலை தடுத்துவிடுவதால் அங்குள்ள கோல்மார் நகரத்தின் பக்கம் நல்ல வெயில். இங்கே பெரும்பாலும் வெள்ளை ஒயின்தான். புட்டியில் ரீஸ்லிங், கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்று திராட்சை வகையின் பெயரையே எழுதிவிடுவார்கள், அதனால் தேர்ந்தெடுப்பது சுலபம்.

கெவுர்ட்ஸ்ட்ராமினரை மூடியைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடலாம். லிச்சிப் பழமும் பன்னீர் ரோஜாவும் கலந்த வாசம், பின்னாலேயே கொஞ்சம் இஞ்சிக் காரம். 'கெவுர்ட்ஸ்' என்றால் ஜெர்மன் மொழியில் மசாலா. பழத்தின் தோல் இளஞ்சிவப்பு என்பதால் ஒயினும் சற்றே பொன்னிறமாக இருக்கும். புளிப்பு குறைவு, ஆல்கஹால் கூடுதல், பல நேரம் லேசான இனிப்பும் உண்டு. முதல் கிளாஸ் அபாரம். இரண்டாவதில் எனக்குத் திகட்டிவிடும், அத்தர் கடைக்குள் ரொம்ப நேரம் நின்ற மாதிரி.

ரீஸ்லிங் அப்படியே நேர் எதிர். எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பளிச்சென்ற புளிப்பு. அந்தப் புளிப்புதான் அதைப் பல வருடம் கெடாமல் காக்கிறது. வயதாக ஆக மண்ணெண்ணெய் போல ஒரு வாசம் வரும். பயப்பட வேண்டாம், அதற்காகவே காத்திருந்து குடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

சரி, சாப்பாடு? மீனுக்கும், புளிக்கவைத்த முட்டைக்கோஸோடு பன்றிக்கறி சேர்ந்த சூக்ரூத்துக்கும் ரீஸ்லிங். நாற்றமடிக்கும் மன்ஸ்டர் சீஸுக்கு மட்டும் கெவுர்ட்ஸ்ட்ராமினர்தான். அங்கே ரீஸ்லிங் எடுபடாது.